உப்பு சுமக்கும் மலை: ஒரு கணக்கு

திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறையின் உயரம் சுமார் 900 அடி. அதில் ஒரு கனமீட்டர் வெட்டினால் ஏறக்குறைய 2,700 கிலோ. அதே அளவு பாறை உப்பு 2,160 கிலோதான். இந்த 540 கிலோ குறைவில்தான் உப்பின் பலம் இருக்கிறது. மேலே படியும் மண்ணும் மணலும் புதையப் புதைய இறுகிக் கனக்கும், உப்பு இறுகாது. அழுத்தம் கூடினால் திடப்பொருளாகவே நகரும், இடம் கிடைத்த பக்கம் மேலேறும்.

நம் நாட்டு மருந்துக் கடைகளில் முன்பு விற்ற இந்துப்பு என்னும் பாறை உப்பு பெரும்பாலும் பாகிஸ்தானின் உப்பு மலைத்தொடரில், கேவ்ரா சுரங்கப் பக்கம் வெட்டப்பட்டது. அந்த உப்புக்கு வயது சுமார் 54 கோடி ஆண்டு. இமயத்தின் நெருக்கலில் அதன்மேல் கிடந்த பாறையடுக்குகள், விளக்கெண்ணெய் தடவிய பலகைமேல் பெட்டி நகர்வதுபோல, சுமார் 20 லட்சம் ஆண்டுகளில் குறைந்தது 20 கி.மீ. தெற்கே வந்துவிட்டன. வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்கு 10 மி.மீ. அப்படி வந்து பஞ்சாப் சமவெளியின் விளிம்பில் எழுந்த முகப்புதான் உப்பு மலைத்தொடர். அதன் உச்சி சகேசர், 1,522 மீட்டர்.

நம் கோட்டைப் பாறை உப்பாக இருந்தால்? திண்டுக்கல்லின் ஆண்டு மழையை 800 மி.மீ. என்று வைப்போம். சதுரமீட்டருக்கு 800 லிட்டர். லிட்டருக்கு 360 கிராம் கரையும் என்றால் 288 கிலோ உப்பு போகும். உயரத்தில் 13 செ.மீ. முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் 1605-ல் கோட்டை கட்டத் தொடங்கியதிலிருந்து இன்றுவரை ஏறக்குறைய 55 மீட்டர், அதாவது பாறையில் ஐந்தில் ஒரு பங்கு, கரைந்திருக்கும். மழைநீர் முழுக்க உப்பேறி வழிந்தால் வரும் உச்சக் கணக்கு இது. ஆனாலும் உப்பு மலைகள் ஏன் பெரும்பாலும் வறண்ட நாடுகளில் வெளியே நிற்கின்றன என்பதற்கு இதுவே போதும். சாக்கடல் ஓரத்து சோதோம் மலைக்கு ஆண்டு மழை 50 மி.மீ. அளவுதான். அதே கணக்கில் கரைவு அதிகபட்சம் 8 மி.மீ.; அளந்து கண்ட எழுச்சியோ 5 முதல் 9 மி.மீ. மேலே கரையாத மண்மூடியும் இருப்பதால் மலை தாக்குப்பிடிக்கிறது.

இந்தியாவில் பாறை உப்பு வெட்டும் இடம் இமாசலத்தின் மண்டி மாவட்டம்: துரங், கும்மா. பாகிஸ்தான் சரக்குக்கு 2019 பிப்ரவரியில் 200 சதவீத வரி வந்தது. 2025 மே மாதம் முழுத் தடை. ஆகவே இந்துப்பு வாங்குகிறவர்கள் பாக்கெட்டில் விலையைப் பார்ப்பதற்கு முன், எந்த ஊரில் வெட்டியது என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.