அப்பாவின் கப்சாய் எஞ்சினைப் பிரித்த கதை

லயத்து வாசலில் ஒரு சாக்கு, நான்கு மைலோ டின், ஒரு வாளி மண்ணெண்ணெய். இவற்றை வைத்துக்கொண்டு ஹோண்டா சி70 எஞ்சினைப் பிரித்து மாட்ட முடியுமா? முடியும். நான் மாட்டினேன். நடுவில் ஒரு முட்டாள்தனமும் செய்தேன். அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

1980-இல், நான் பிறந்த வருடம், அப்பா தவணையில் வாங்கிய வண்டி இது. பால்வெட்டுக்கு அவரையும், ஆஸ்பத்திரிக்கு அம்மாவையும், பள்ளிக்கு என்னையும் சுமந்தது. தோட்டம் கைமாறி, வீட்டைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வந்ததும், "பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துடுப்பா" என்றார். சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு மனசு கேட்கவில்லை.

1958-இல் ஜப்பானில் வந்த சூப்பர் கப் வம்சம் இது. 2017-க்குள் பத்துக் கோடி வண்டிகள் செய்து முடித்துவிட்டார்கள். நம்முடையது 72 சிசி, மூன்று கியர், கையில் பிடிக்கும் கிளட்ச் கிடையாது. எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான், சுமார் 0.8 லிட்டர். அது கெட்டால் மூன்றும் கெடும். அப்பா வண்டியில் நீலப் புகை. இரண்டாவது கியரும் நழுவியது.

புகை வந்தால் உடனே பட்டறைக்கு ஓடாதீர்கள். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, மறுபடி மாட்டி உதைத்துப் பாருங்கள். முன்னைவிட உதை கனத்தால் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது. எங்களுக்குக் கனத்தது. ஆறு மாதத்துக்கு முன்னால்தான் பட்டணத்துப் பட்டறை ஒன்றில் ரிங் மாற்றியதாகக் காசு வாங்கியிருந்தார்கள். பிரித்துப் பார்த்தால் காகிதமாய்த் தேய்ந்த பழைய ரிங்! மாற்றிய சாமானைக் கேட்டு வாங்குங்கள். சம்பளச் சீட்டைச் சரிபார்க்கிறோமே, அது மாதிரிதான்.

எஞ்சின் இரண்டே நீளப் போல்ட்டில் தொங்குகிறது; ஒரு ஆள் இறக்கிவிடலாம். ஃபிளைவீலைச் சுத்தியலால் தட்டாதீர்கள். அதற்குப் புல்லர் வேண்டும், நான் இரவல் வாங்கினேன். பிஸ்டன் பின்னைப் பிடித்திருக்கும் சின்ன வளையத்தைக் கழற்றும்முன் கீழ்வாயில் துணி அடைக்க வேண்டும். நான் அடைக்கவில்லை. 'டிங்' என்று உள்ளே விழுந்துவிட்டது. கியருக்காக எப்படியும் கேஸைப் பிரிக்க வேண்டியிருந்ததால் பிழைத்தேன்.

உள்ளே, கியர்கள் ஒன்றையொன்று கவ்வும் பல்லின் முனை மழுங்கி உருண்டிருந்தது. தள்ளுகிற ஃபோர்க்கும் தேய்ந்திருந்தது. இரண்டையும் மாற்றினேன். வாஷர்களை எடுத்த வரிசையிலேயே கம்பியில் கோத்து வைத்தேன். இது மாறினால் கதை முடிந்தது. சிலிண்டரை மட்டும் கடைசல் பட்டறையில் கொடுத்து, 0.25 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டனுக்கு ஏற்பக் கடைந்து வாங்கினேன்.

மாட்டும்போது பிஸ்டன் தலையில் 'ஐ.என்.' என்ற எழுத்து கார்புரேட்டர் பக்கம் இருக்கட்டும். ரிங்குகளின் வாய் ஒரே நேரில் நிற்கக் கூடாது. ஃபிளைவீலின் 'டி' கோடும், மேலே கேம் சக்கரத்தின் 'ஓ' குறியும் அதனதன் அடையாளத்துக்கு நேரே வர வேண்டும். வால்வு இடைவெளி, எஞ்சின் ஆறியிருக்கையில் 0.05 மில்லிமீட்டர்.

நான்காவது உதையில் பிடித்தது. அப்பா கைத்தடியோடு வந்து, காதைச் சாய்த்துக் கேட்டார்.

"உள் செயின் சத்தம் போடுதே. டென்ஷனரைப் பாரு."

பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். சரிசெய்து முடிப்பதற்குள் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.