மூங்கில் வெட்டும் முறை

பண்டைப் புலவர் மகளிர் தோளுக்கு மூங்கிலை உவமை கூறினர். ஊவா மலைச்சரிவிலோ அம்மூங்கிலை மாந்தர் தோளே சுமக்கின்றது. கூடைக்கும் பந்தலுக்கும் வேலிக்கும் உதவும் மூங்கிலை வெட்டுதற்கும் ஒரு முறையுண்டு.

மூங்கில் புல்லினத்தது. அதன் முளை சில மாதங்களிலேயே முழு உயரத்தை எய்தும், பின்னர்ப் பருப்பதில்லை. முற்றி வலுப்பெற மூன்று நான்கு ஆண்டுகள் செல்லும். இளங்கழையில் மாச்சத்து மிகுதியாதலின் வண்டு அதனை விரைவில் துளைத்துப் பொடியாக்கும். அடுத்த முளைகளுக்கு உணவூட்டுவதும் இளங்கழைகளே. ஆகவே, அவற்றை விடுத்து, முற்றியவற்றையே வெட்டுதல் வேண்டும். பதுளைப் பகுதியில் ஆனி முதல் ஆவணி வரையுள்ள வறண்ட காலம் இதற்கு ஏற்றது. நிலத்தையடுத்த கணுவை ஒட்டி, அதன் மேலே வெட்டுக. உயர்த்தி வெட்டினால் எஞ்சிய குழாயில் மழைநீர் தேங்கும், அடி அழுகும், நுளம்பும் பெருகும்.

வெட்டிய கழையை அடிப்பக்கம் முன்னாக இழுத்தால் கிளைகள் மடங்கி வழிவிடும். கிளை கழித்தபின் முன்னும் பின்னுமாக இருவர் சுமப்பர். இருவரும் ஒரே பக்கத் தோளில் ஏற்றுதல் நன்று. கால் வழுக்கினால் சுமையை ஒருபுறம் தள்ளி, இருவரும் மறுபுறம் விலகலாம். தோள் மாறி வைத்தவர்களுள் ஒருவர் சுமையின் கீழ் அகப்படுவார்.

ஓடைக்கரையில் மூங்கில் வேர் மண்ணைப் பிணித்து நிற்கின்றது. புதரை அடியோடு அழித்தவன் பெறுவது ஒருநாட் பயன். வடகீழ்ப் பருவமழை வருங்கால், கரையோடு அரித்துச் செல்லப்படுவது அயலவரின் காய்கறித் தோட்டமுமாகும். முற்றியதைக் கொண்டு இளையதைக் காத்தலே அறிவுடைமை.