கார் ஸ்டார்ட் ஆகலையா? புது பேட்டரி வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

போன்ல சார்ஜ் ஏறலைன்னா உடனே புது பேட்டரி வாங்க ஓடுவோமா? முதல்ல சார்ஜரை மாத்திப் பார்ப்போம். ஆனா, காலையில கார் ஸ்டார்ட் ஆகலைன்னா மட்டும் 'பேட்டரி போயிடுச்சு' என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். பல ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புதுசும் மாட்டிவிடுகிறோம். சில நாள்களில் அதுவும் டவுன் ஆகும்போதுதான், கோளாறு பேட்டரியில் இல்லை, அதுக்குச் சார்ஜ் கொடுக்கிற ஆல்டர்னேட்டரில் என்பது தெரியவருகிறது.

வீட்டு வாசலில் நின்றால்கூடப் பரவாயில்லை. குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போது, ராத்திரி நேரத்தில், நெடுஞ்சாலையில் ஹெட்லைட் மங்கி கார் நின்றுவிட்டால்? அதனால, எது கோளாறுன்னு கண்டுபிடிக்கத் தெரிஞ்சு வெச்சுக்கறது நல்லது.

யாருக்கு என்ன வேலை?

பேட்டரியின் முக்கியமான வேலை, செல்ஃப் மோட்டாரைச் சுற்றவைத்து இன்ஜினை ஸ்டார்ட் செய்வது. இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் பொறுப்பு ஆல்டர்னேட்டருக்கு மாறிவிடும். நம்ம ஊர் மெக்கானிக்குகள் பலர் 'டைனமோ' என்று சொல்வது இதைத்தான். இன்ஜினோடு பெல்ட் மூலம் சுற்றி, மின்சாரம் தயாரித்து, லைட், மியூசிக் சிஸ்டம் எல்லாவற்றுக்கும் கொடுத்து, பேட்டரியையும் சார்ஜ் செய்யும். போன் கணக்கில் சொன்னால், இதுதான் சார்ஜர்.

எது செத்தாலும் காலையில் கார் ஸ்டார்ட் ஆகாது. குழப்பமே இங்கேதான்! ஸ்டார்ட் ஆன பிறகு என்ன நடக்குதுன்னு கவனிச்சாதான் உண்மை தெரியும்.

பேட்டரி வீக்னா...

சாவியைத் திருப்பினால் 'டக் டக் டக்' என்று வேகமாகச் சத்தம் வரும். அல்லது செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றும். அந்த நேரத்தில் டேஷ்போர்டு லைட் மங்கும். ஆனால், எப்படியாவது ஸ்டார்ட் ஆகிவிட்டால், அதுக்கப்புறம் எல்லாம் நார்மலா ஓடும்.

போனட்டைத் திறந்து டெர்மினலையும் பாருங்கள். வெள்ளை அல்லது பச்சையாகப் பூத்திருந்தாலோ, கிளாம்ப் லூஸாக இருந்தாலோ, நல்ல பேட்டரியும் வேலை செய்யாது. சுத்தம் செய்து டைட் பண்ணினாலே சரியாகிவிடலாம்.

ஆல்டர்னேட்டர் கோளாறுன்னா...

இன்ஜின் ஓடும்போதும் பேட்டரி படம் போட்ட சிவப்பு லைட் அணையாமல் எரியும். நிறையப் பேர் இதைப் பார்த்து பேட்டரியை மாற்றுவார்கள். உண்மையில், 'சார்ஜ் சரியா ஏறலை' என்பதுதான் அந்த லைட் சொல்லும் சேதி. ஐடிலில் ஹெட்லைட் மங்கி, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பிரகாசமாவது, பெல்ட் கீச்சிடுவது, ரப்பர் கருகும் வாசம் இதெல்லாமும் அறிகுறிகள்தான்.

லைட் எல்லாம் பளிச்சென்று எரியுது, ஆனா ஒரே ஒரு 'டக்' சத்தம் மட்டும் வருதா? செல்ஃப் மோட்டார் மேல் சந்தேகப்படுங்கள்.

கேபிள் போட்டுப் பாருங்க

இன்னொரு காரிலிருந்து ஜம்ப் ஸ்டார்ட் செய்வது நல்ல டெஸ்ட். சிவப்பு கேபிளை முதலில் டவுன் ஆன பேட்டரியின் ப்ளஸ்ஸிலும், பிறகு நல்ல பேட்டரியின் ப்ளஸ்ஸிலும் மாட்டுங்கள். கறுப்பு கேபிளை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டி, மறுமுனையை நின்றுபோன காரின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியில், பேட்டரியிலிருந்து தள்ளி மாட்டுங்கள்.

கேபிளைக் கழற்றியதும் கொஞ்ச நேரத்தில் இன்ஜின் நின்றுபோனால், ஆல்டர்னேட்டர்தான் முதல் குற்றவாளி. நன்றாக ஓடி, மறுநாள் காலையில் மறுபடி மக்கர் செய்தால், பேட்டரி சார்ஜைத் தாங்கலைன்னு அர்த்தம். டேஷ்கேம் மாதிரி பின்னாடி மாட்டின ஏதாவது ராத்திரி முழுக்க சார்ஜை உறிஞ்சுதான்னும் பாருங்க.

மல்டிமீட்டர் பொய் சொல்லாது

சில நூறு ரூபாய்க்கே மல்டிமீட்டர் கிடைக்கிறது. கார் சில மணி நேரம் நின்ற பிறகு பேட்டரியில் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் காட்டினால் ஃபுல் சார்ஜ். 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் கிட்டத்தட்ட காலி. ஸ்டார்ட் செய்யும் நொடியில் 10 வோல்ட்டுக்கும் கீழே நன்றாக இறங்கினால் பேட்டரி வீக்.

இப்போ இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டுப் பாருங்கள். பொதுவாக 13.5 முதல் 14.7 வோல்ட் வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் ஓகே. 12-லேயே நின்று, மெதுவாக இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினாலும் ஆபத்து. அளவுக்கு மீறிய சார்ஜ் பேட்டரியைக் கொன்றுவிடும்.

இதை மட்டும் செய்யாதீங்க!

இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்ப்பது பழைய கால டெக்னிக். இப்போதைய கார்களில் வோல்டேஜ் திடீரென எகிறி, இ.சி.யு உள்ளிட்ட எலெக்ட்ரானிக் பாகங்கள் காலியாகலாம். யார் செய்யச் சொன்னாலும் 'வேணாம்ணே' என்று சொல்லிவிடுங்கள்.

போகும் வழியில் சிவப்பு லைட் எரிஞ்சா?

ஏ.சி, மியூசிக், போன் சார்ஜர் எல்லாவற்றையும் ஆஃப் செய்யுங்கள். இன்ஜினை அணைத்தால் திரும்ப ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். அதனால், பேட்டரியில் மிச்சமிருக்கும் சார்ஜ் தீர்வதற்குள் பக்கத்தில் இருக்கும் ஒர்க் ஷாப்புக்கோ, வெளிச்சமான பெட்ரோல் பங்க்குக்கோ போய்விடுங்கள். கூடவே டெம்பரேச்சர் முள்ளும் ஏறினால், ஓரமாக நிறுத்தி இன்ஜினை உடனே அணைத்துவிடுங்கள். பெல்ட் அறுந்திருக்கலாம்; பல கார்களில் வாட்டர் பம்ப்பைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான்.

கடைசியா ஒண்ணு... பேட்டரி மாட்டிய தேதியை போன்ல குறிச்சு வெச்சுக்கோங்க. வெயில்தான் பேட்டரிக்கு எமன். மூணு வருஷம் தாண்டிட்டா, லாங் டிரைவ் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை டெஸ்ட் பண்ணிடுங்க!