பெஞ்சில் கத்தினாலும் களத்தில் ஒரு ஆள் குறையும்: ஹாக்கியின் கார்டு கணக்கு தெரியுமா?

கோவில்பட்டி கிருஷ்ணா நகர் செயற்கைப் புல் மைதானத்தில் பள்ளி அணிகளுக்கு இடையே ஒரு ஆட்டம் நடப்பதாக வைத்துக்கொள்வோம். ஸ்கோர் 1-1. முடிய இன்னும் 6 நிமிடம். எதிரணி வீரரின் காலில் பந்து பட்ட மாதிரி தெரிகிறது. நடுவர் விசில் ஊதவில்லை. பெஞ்சில் இருந்த மாற்று வீரர் எழுந்து, "கால்ல பட்டுச்சுல்லா... கண்ணு தெரியலயா?" என்று கத்துகிறார். நடுவர் நேரத்தை நிறுத்திவிட்டு வந்து பச்சை அட்டையைக் காட்டுகிறார்.

"ஆடாத பையனுக்குத்தான கார்டு, நமக்கு என்ன?" என்று கேலரியில் யாராவது சொல்லலாம். அந்தக் கணக்கு தப்பு. அடுத்த 2 நிமிடங்களுக்கு அந்த அணி 10 பேருடன்தான் ஆட வேண்டும்.

வெளியே இருப்பவருக்கு கார்டு, உள்ளே ஏன் ஆள் குறைகிறது?

சர்வதேச ஹாக்கி சம்மேளனத்தின் விதிப்படி மாற்று வீரரும் அணியின் வீரர்தான். தற்காலிகமாக நீக்கப்பட்டவர் களத்தில் இருந்தாலும் வெளியே இருந்தாலும், அந்த நேரம் முழுக்க அணி ஒருவரைக் குறைத்துக்கொண்டுதான் ஆட வேண்டும்.

எந்த கார்டுக்கு என்ன தண்டனை?

முதலில் வாய்மொழி எச்சரிக்கை. விவரமான அணி இதோடு அடங்கிவிடும். அதற்குமேல் போனால்:

பச்சை (முக்கோணம்): 2 நிமிடம் வெளியே.

மஞ்சள் (சதுரம்): குறைந்தது 5 நிமிடம். குற்றம் பெரிதென்றால் நடுவர் நேரத்தைக் கூட்டலாம்.

சிவப்பு (வட்டம்): அந்த ஆட்டத்துக்கு இனி கிடையாது. மைதானத்தின் சுற்றுப்பகுதியிலும் நிற்கக் கூடாது. ஆட்டம் முடியும்வரை அணிக்கு ஒரு ஆள் குறைவு.

ஒரே குற்றத்தைத் திரும்பச் செய்தால் அதே கார்டு மறுபடி வராது. அதைவிடக் கடுமையான தண்டனைதான். வெளியே உட்கார்ந்திருக்கும் நேரத்திலும் முறைத்துக்கொண்டு ஏதாவது சொன்னால், நடுவர் தண்டனை நேரத்தை நீட்டிக்கலாம். இன்னொன்று: உங்கள் அணிக்கு ஃப்ரீ ஹிட் கிடைத்து, அதை அடிப்பதற்குள் உங்கள் ஆள் ஒருவர் வம்பு செய்தால், அந்த ஃப்ரீ ஹிட்டே எதிரணிக்கு மாறிப் போகலாம்.

கேப்டன் எதற்கு மாட்டுகிறார்?

கையில் பட்டை கட்டுவது டாஸ் போட மட்டும் இல்லை. தன் அணி வீரர்கள் அனைவரின் நடத்தைக்கும், ஆள் மாற்றம் ஒழுங்காக நடப்பதற்கும் கேப்டனே பொறுப்பு. அந்தப் பொறுப்பைத் தவறவிட்டால் கார்டு அவருக்கு.

ஹாக்கியில் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆள் மாற்றலாம். ஆனால் நடுக்கோட்டிலிருந்து 3 மீட்டருக்குள்தான் மாற வேண்டும். முதல் ஆள் வெளியே வந்த பிறகே அடுத்தவர் உள்ளே போக வேண்டும். "ஏலே, சீக்கிரம் போ!" என்று அவசரப்படுத்தி 12-வது ஆளை உள்ளே விட்டால், நடுவர் நேரத்தை நிறுத்துவார். அது ஆட்டத்தைப் பாதித்திருந்தால் கேப்டனுக்கு கட்டாயம் தண்டனை உண்டு. அவசரப்பட்டது பெஞ்ச், வெளியே போவது கேப்டன்.

பயிற்சியாளர் கத்தினால்?

பயிற்சியாளர் ஆடும் வீரர் இல்லை. அவரைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் போட்டி நடத்துபவர்களின் ஒழுங்குமுறைகள். ஆகவே, போட்டிக்கு முந்தைய கூட்டத்தில் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படிப்பது நல்லது.

மற்ற ஆட்டங்களிலும் இந்தத் தலைவலி உண்டு. கால்பந்தில் 2019-20 சீசனிலிருந்து பயிற்சியாளருக்கே மஞ்சள், சிவப்பு அட்டை காட்டலாம். பெஞ்சில் தப்பு செய்தவர் யார் என்று தெரியாவிட்டால் அங்கிருக்கும் மூத்த பயிற்சியாளர் தலையில் விழும். அமெரிக்கப் பள்ளிகளின் ஃபுட்பாலில், எல்லைக்கோட்டை ஒட்டிய தடைப்பகுதியில் வந்து நின்றால் முதல் முறை எச்சரிக்கை, இரண்டாம் முறை 5 கஜம், அதற்குப் பிறகு 15 கஜம் தண்டனை.

ஒரு ஆள் குறைவது அவ்வளவு பெரிய விஷயமா?

2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதி நினைவிருக்கிறதா? பிரிட்டனுக்கு எதிராக 17-வது நிமிடத்திலேயே அமித் ரோஹிதாஸுக்கு சிவப்பு அட்டை. 40 நிமிடத்துக்கும் மேல் 10 பேருடன் தாக்குப்பிடித்து, 1-1 என்று முடித்து, ஷூட்-அவுட்டில் 4-2 என இந்தியா வென்றது. ஆனால் ஒரு ஆட்டத் தடையால் அரையிறுதியில் ரோஹிதாஸ் இல்லை. ஜெர்மனியிடம் 2-3 என்று தோற்றோம்.

நடுவர் முடிவில் கோபம் இருந்தால் என்ன செய்வது என்பதற்கும் அதே ஆட்டம்தான் உதாரணம். ஷூட்-அவுட்டின்போது பிரிட்டன் கோல்கீப்பர் வீடியோ டேப்லட் பயன்படுத்தியது உள்ளிட்டவை பற்றி ஹாக்கி இந்தியா முறைப்படி புகார் கொடுத்தது. கோபத்தைக் கத்தித் தீர்க்காமல் எழுதிக் கொடுக்கவும் வழி இருக்கிறது.

இந்த ஊருக்கு ஏன் இது முக்கியம்?

கரிசல் காட்டில் மானாவாரி விவசாயத்தையும் தீப்பெட்டி வேலையையும் நம்பியிருக்கும் பல வீடுகளுக்கு ஹாக்கி மட்டை ஒரு வழி. விடுதி இடம், கல்லூரி சீட், விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை என்று அது நீளும். 2022 ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியின் மாரீஸ்வரனும் கார்த்தியும் கோவில்பட்டியில் பயிற்சி பெற்றவர்கள்தான்.

தேர்வாளர் பார்க்க வந்திருக்கும் நாளில், வேறொருவர் கத்தியதற்காக ஒரு பையன் களத்தை விட்டு வெளியே நிற்பது சின்ன இழப்பு இல்லை. அடுத்த முறை பெஞ்சிலோ கேலரியிலோ இருந்து வாயெடுக்கும் முன், உள்ளே ஆடும் 11 பேரை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். நடுவர் "அமைதியா இருங்க" என்று முதல் முறை சொல்லும்போது காசு எதுவும் ஆகாது. இரண்டாவது முறைதான் கணக்கு ஆரம்பிக்கும்.