மீனுக்கும் உண்டு அஜீரணம்!

"லங்கணம் பரம ஔஷதம்" என்று பாட்டிமார் சொல்வது வழக்கம். வயிறு மந்தமாக இருந்தால் ஒரு வேளை பட்டினி போடு, மருந்தெல்லாம் அதற்குப் பிறகுதான் என்பது அதன் கருத்து. இந்த வைத்தியம் மனிதருக்கு மட்டும் உரியதல்ல. கண்ணாடித் தொட்டிக்குள் வாலை வீசி வளைய வரும் தங்க மீனுக்கும் அதுவே முதல் மருந்து!

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் பெரியோர்களுக்கு ராமானுஜர் நினைவு வரும். அவர் 1017-ஆம் ஆண்டு அவதரித்த தலம் அது. இளைஞர்களுக்கோ தொழிற்சாலைகள்தான் நினைவுக்கு வருகின்றன. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. ஒரகடத்தில் 2010-ல் கார் தொழிற்சாலையும், 2012-ல் டைம்லர் லாரித் தொழிற்சாலையும், 2013-ல் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் எழுந்தன. ஏரியும் வயலுமாகக் கிடந்த வட்டாரத்தில் இன்று வரிசை வரிசையாக வாடகைக் குடியிருப்புகள்.

இத்தகைய வீடுகளில் நாய் வளர்க்க வீட்டுக்காரர் சம்மதிப்பதில்லை. பூனைக்கும் இடமில்லை. மீன் குரைப்பதில்லை, அடுத்த வீட்டுப் பாலைக் குடிப்பதும் இல்லை. ஆகவே டெலிவிஷன் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிறு கண்ணாடித் தொட்டி வந்துவிடுகிறது. அதில் இரண்டு தங்க மீன்கள். குழந்தை அவற்றுக்குப் பெயரும் வைத்துவிடுகிறது. சில வாரங்களில் ஒரு நாள் காலை, அவற்றில் ஒன்று வயிறு பலூன்போல் உப்பி, தலைகீழாக மிதக்கிறது. வீட்டில் ஒரே அழுகை!

மூன்று ஷிப்ட், மூன்று சாப்பாடு

இந்தக் கஷ்டத்துக்குப் பெரும்பாலும் காரணம் நோய்க்கிருமி அல்ல, அன்புதான். இரவு ஷிப்ட் முடித்துக் காலையில் வரும் கணவர், தொட்டியருகே நின்று ஒரு சிட்டிகை உணவைப் போடுகிறார். பிற்பகல் ஷிப்டுக்குப் புறப்படும் மனைவி, "பாவம், பசியாக இருக்கும்" என்று இன்னொரு சிட்டிகை போடுகிறார். பள்ளியிலிருந்து வரும் பிள்ளை கைநிறையக் கொட்டுகிறது. ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாது.

"எனக்குப் போதும்" என்று மீன் சொல்லாது. ஆள் நிழலைக் கண்டதும் கண்ணாடியோரம் ஓடிவந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அது பசியின் அடையாளமல்ல, பழக்கத்தின் அடையாளம். ஆள் வந்தால் உணவு வரும் என்று அது கற்றுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற பழமொழி தொட்டிக்குள்ளும் செல்லுபடியாகும்.

இரைப்பை இல்லாத பிராணி

தங்க மீன் கெண்டை இனத்தைச் சேர்ந்தது. இந்த இனத்து மீன்களுக்கு மனிதருக்கு இருப்பதுபோல் தனி இரைப்பை கிடையாது. வாயிலிருந்து இறங்கும் இரை நேரே நீண்ட குடலுக்குப் போகிறது. வந்த சாப்பாட்டைச் சேர்த்து வைத்துக்கொள்ள இடமில்லை. குளத்தில் இருந்தால் அது நாள் முழுவதும் பாசியையும் பூச்சியையும் கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்துகொண்டிருக்கும். தொட்டியிலோ ஒரே மூச்சில் விருந்து கிடைக்கிறது.

சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சீனாவில், சுங் வம்சத்து அரசர்கள் காலத்தில், தங்க மீன்களை அழகுக்காகத் தேர்ந்தெடுத்து வளர்க்கலானார்கள். அந்த வழியில் பிறந்தவையே இன்று கடைகளில் காணும் ஒராண்டா, ரியூகின் முதலிய உருண்டை மீன்கள். பார்வைக்கு லட்டுப்போல் இருக்கின்றன. ஆனால் நீள உடம்பில் இருக்க வேண்டிய குடல், அந்தக் குட்டை உடம்புக்குள் மடிந்து நெருக்கப்பட்டிருக்கிறது.

குடலுக்குப் பக்கத்திலேயே காற்றுப்பை இருக்கிறது. மீன் மேலே எழும்பாமலும் கீழே அமிழாமலும் நடுநீரில் நிற்பது இந்தப் பையினால்தான். குடல் உப்பினால் பை நசுங்குகிறது. சமநிலை கெட்டு மீன் ஒருபுறம் சாய்கிறது. சில சமயம் வயிறு மேலாக மிதக்கிறது. கடைகளில் விற்கும் உருண்டை உணவு உலர்ந்தது. தண்ணீர் பட்டதும் ஊறிப் பருக்கும். மேலே மிதக்கும் உணவைப் பிடிக்கும்போது மீன் காற்றையும் சேர்த்து விழுங்க நேரிடுகிறது. இவை எல்லாம் சேர்ந்து வயிற்று உப்புசம் ஆகிறது.

ஃபைட்டர் மீனின் கதை வேறு. சயாம் தேசத்திலிருந்து வந்த இந்த மீன் மாமிச பட்சிணி. அதற்கு இரைப்பை உண்டு. ஆனால் அதன் அளவு ஏறக்குறைய அந்த மீனின் கண் அளவுதான் என்று சொல்வார்கள். அதற்குப் போய் பத்துப் பன்னிரண்டு உருண்டைகளைப் போட்டால் என்ன ஆகும்?

அடையாளம் என்ன?

வயிறு இருபுறமும் புடைத்திருக்கும். மலம் வெளிவராது, அல்லது நீண்ட நூல்போல் வெளுத்துத் தொங்கும். மீன் ஒரு மூலையில் ஒதுங்கும். அல்லது மேல்மட்டத்தில் மிதந்து, கீழே இறங்க முயன்று, மீண்டும் மேலே வரும். சாப்பிட்ட சற்று நேரத்தில் இது அதிகமானால் அஜீரணம் என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம்.

வயிறு பெருத்ததெல்லாம் அஜீரணம் அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கப்பி, மோலி போன்ற பெண் மீன்கள் குட்டி போடுபவை. அவற்றின் வயிறு பெருத்து, பின்பக்கம் ஒரு கரும்புள்ளி தெரிந்தால் அது நல்ல செய்தி! பெண் தங்க மீன் சினைப்பட்டாலும் வயிறு பருக்கும். ஆனால் அது சுறுசுறுப்பாக நீந்தும், ஒழுங்காகத் தின்னும்.

கை வைத்தியம்

முதலாவது, பட்டினி. 2 அல்லது 3 நாட்கள் உணவே போடக் கூடாது. மனம் கேட்காதுதான். ஆனால் வளர்ந்த மீன் 3, 4 நாள் உணவில்லாமல் இருப்பதால் ஒன்றும் நேர்ந்துவிடாது. நீரின் வெப்பத்துக்கேற்பத் தன் உடல் வெப்பத்தை மாற்றிக்கொள்ளும் பிராணி அது. மனிதரைப்போல் மணிக்கு மணி அதற்குச் சாப்பாடு தேவையில்லை.

இரண்டாவது, தண்ணீர். தொட்டி நீரில் கால் பங்கை எடுத்துவிட்டு, அதே அளவு புதிய நீர் விட வேண்டும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரானால், ஒரு நாள் வாளியில் திறந்து வைத்திருந்து பிறகு விடுவது நல்லது. தலைகீழாக மிதக்கும் மீனைத் தனிப் பாத்திரத்தில், ஆழம் குறைந்த நீரில் விட்டால் அதற்குச் சிரமம் குறையும்.

மூன்றாவது, பச்சைப் பட்டாணி. பட்டினிக்குப் பிறகு ஒரு பட்டாணியை உப்பில்லாமல் வேகவைத்து, தோலை உரித்து, நசுக்கித் தங்க மீனுக்குச் சிறு துணுக்குகளாகக் கொடுக்கலாம். அதிலுள்ள நார்ச்சத்து குடலை இளக்கும். ஃபைட்டர் மீனுக்குப் பட்டாணி ஒத்துவராது. டாப்னியா என்னும் நுண்ணிய நீர்ப்பூச்சியே அதற்குப் பேதி மருந்து.

இவற்றுக்கும் குணம் தெரியாவிட்டால் எப்சம் உப்பு என்னும் பேதியுப்பு உதவும். தனிப் பாத்திரத்தில் 10 லிட்டர் நீருக்கு அரைத் தேக்கரண்டி போதும். கரைத்த பிறகே ஊற்ற வேண்டும். சமையல் உப்பை அதற்குப் பதிலாகப் போடக் கூடாது. இரண்டும் வேறு வேறு.

எந்த நோய்க்கும் ஒரு நீல மருந்தை ஊற்றுவது பலருக்கு வழக்கம். மலச்சிக்கலுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கும் நல்ல கிருமிகளுக்குக் கெடுதல் செய்வதுதான் மிச்சம்.

அபாய அறிவிப்பு

தொட்டிக்கு மேலிருந்து மீனைப் பாருங்கள். செதில்கள் ஒவ்வொன்றும் அன்னாசிப் பழத்தின் மேல்தோல்போல் சிலிர்த்து நின்றால் அது அஜீரணம் அல்ல. மகோதரம்போல் உடம்பில் நீர் கோத்துக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். சிறுநீரகம் வேலை செய்யாமல் போவதால் வருவது இது. பல சமயம் பாக்டீரியாக் கிருமிகளே காரணம். இந்த நிலையில் பட்டாணியும் பட்டினியும் பலிக்கா. மீனை உடனே தனியே பிரிக்க வேண்டும். தெரிந்தவர்களிடம் யோசனை கேட்க வேண்டும். பிழைப்பது அரிது என்பதையும் குழந்தைக்குப் பக்குவமாகச் சொல்லி வைப்பது நல்லது.

இன்னொரு வகையும் உண்டு. சில உருண்டை மீன்களுக்குப் பிறவியிலேயே காற்றுப்பை கோணலாக இருக்கும். எத்தனை பட்டினி போட்டாலும் அவை சாய்ந்தே நீந்தும். உணவளவைப் பார்த்துக்கொண்டால் அவையும் பல காலம் வாழும்.

யோசனைக்கு ஆள் இல்லாமலில்லை. வண்ண மீன் வளர்ப்புக்கும் வியாபாரத்துக்கும் பேர்போன கொளத்தூர், சென்னையின் வடபகுதியிலேயே இருக்கிறது. சிமெண்டுத் தொட்டிகளில் மீன் வளர்த்தே பிழைக்கும் குடும்பங்கள் அங்கு உண்டு. அவர்களுடைய அனுபவம் பெரிது. நாகப்பட்டினத்தில் 2012-ல் ஏற்பட்ட மீன்வளப் பல்கலைக்கழகமும், அதைச் சேர்ந்த பொன்னேரி மீன்வளக் கல்லூரியும் இத்துறையில் படிப்பும் ஆராய்ச்சியும் நடத்துகின்றன. மீன் பார்க்கும் ஆசை இந்தப் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. சென்னைக் கடற்கரையில் 1909-லேயே ஒரு மீன் காட்சிசாலை ஏற்பட்டது.

வருமுன் காக்க

ஒரு வீட்டில் ஒருவர்தான் உணவு போட வேண்டும். அது முடியாதென்றால் தொட்டியருகே நாட்காட்டி ஒன்றை மாட்டி, போட்டவர் ஒரு கோடு போட்டுவிடலாம். ஒரு நாளைக்கு இரண்டு கோட்டுக்கு மேல் கூடாது. இரண்டு நிமிஷத்தில் மீன் தின்று தீர்க்கும் அளவே சரியான அளவு. உலர்ந்த உணவைச் சில நிமிஷம் நீரில் ஊறவைத்துப் போடலாம். வாரத்தில் ஒரு நாள் விரதம் நல்லது. வளரும் குஞ்சுகளுக்கு மட்டும் இந்த விரதம் வேண்டாம்.

மார்கழி, தை மாதக் குளிரில் நீர் குளிர்ந்து ஜீரணம் மந்தப்படும். அப்போது உணவைக் குறைக்க வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் புறப்படுகிறவர்கள் நான்கு நாள் உணவை மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போவதுண்டு. மீன் தின்றது போக மிச்சம் அழுகி, அம்மோனியா விஷம் உண்டாகி, திரும்பி வரும்போது தொட்டி முழுவதும் பிணமாக இருக்கும். ஒன்றும் போடாமல் போவதே மீனுக்குச் செய்யும் உபகாரம்.

நோயுற்ற மீனையோ, அலுத்துப்போன மீனையோ செம்பரம்பாக்கம் போன்ற ஏரியில் விடுவதும் தவறு. சென்னை நகரம் குடிக்கும் தண்ணீர் அது. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கிப் பிறகு ஏரி குளங்களில் விடப்பட்ட சக்கர் மீன், தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி, நாட்டு மீன்களின் இரையைப் பறித்துக்கொண்டிருக்கிறது.

வள்ளுவர் "மருந்து" என்று ஓர் அதிகாரம் வகுத்து, அதன் பெரும்பகுதியில் உணவின் அளவைப் பற்றியே பேசுகிறார். தானே அளவறிந்து உண்ணும்படி அவர் மனிதனுக்குச் சொன்னார். தொட்டி மீனுக்கோ அந்த அளவு, உணவு போடுகிறவர் கையில் இருக்கிறது. நாளை காலை ஷிப்ட் முடிந்து வரும்போது மீன் வாயைத் திறந்து கெஞ்சலாம். சிட்டிகையை எடுக்குமுன் நாட்காட்டியில் கோடு இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.