மாத்தளைத் தோட்டப் பாடசாலை: தனியுடைமையும் கல்வியும்

தனியார் ஆயத்தப் பள்ளி என்றதும், உயர்நிலைக் கல்லூரிகளுக்குச் செல்வர் வீட்டுப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்தும் நிறுவனமே நம் நினைவுக்கு வருகிறது. ஆயின், மாத்தளை மாவட்டத்து மலைகளில் வேறொரு தனியார் பள்ளியும் இருந்தது. அதுவே தோட்டப் பாடசாலை. தோட்டத்தின் காணியையும் லயத்தையும் போலவே அதுவும் தோட்ட உடைமையாளரின் சொத்தாகும். அது பிள்ளைகளை எதற்கு ஆயத்தப்படுத்திற்று என்பதே நமது வினா.

மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாகக் கால்நடையாய் வந்த தமிழ்த் தொழிலாளரின் உழைப்பிலேயே மாத்தளையின் கோப்பித் தோட்டங்கள் உருவாயின. 1854இல் தொடங்கப்பெற்ற தமிழ்க் கூலி மிஷன், தோட்டங்களிற் பள்ளிகளை நிறுவியது. வேறு சில இடங்களில் எழுத்தறிந்த ஒருவர் லயத்துத் திண்ணையிற் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி கற்பித்தார். 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளின் கல்வியைத் தோட்டத் துரையின் பொறுப்பாக்கியது. 1920ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மேலும் வலுப்படுத்தியது.

இங்கு பத்து வயது என்னும் எல்லை தற்செயலானதன்று. பிள்ளையின் கை கொழுந்துக்கும் களைக்கும் பயன்படத் தொடங்கும் பருவம் அது. பிள்ளையின் உழைப்பால் இலாபமடைபவரிடமே அப்பிள்ளையின் கல்வியும் ஒப்படைக்கப்பட்டது. ஆகவே, பெரும்பாலும் ஓராசிரியரையும் ஓர் அறையையும் கொண்ட அப்பள்ளி, அடுத்த தலைமுறைத் தொழிலாளரையே ஆயத்தப்படுத்திற்று எனலாம்.

1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி நாட்டின் ஏழைப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் வரை வழி திறந்தது; தோட்டப் பிள்ளைக்கோ கதவு மூடியே இருந்தது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் ஒதுக்கப்பட்டன. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த மக்களிடம், அரசை நிர்ப்பந்திக்க வாக்குப்பலம் இருக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்ட பின்னரே, 1977 முதல் இப்பாடசாலைகள் படிப்படியாக அரசின் கீழ் வந்தன. தோட்டத்தின் உடைமையுறவு மாறிய பின்னரே பள்ளியின் உடைமையும் மாறிற்று.

எனினும், இதற்கு மறுபக்கமும் உண்டு. எழுத்து, கற்பித்தவரின் நோக்கத்துக்குள் அடங்கி நிற்பதில்லை. 1920களில் கோ. நடேசய்யர் நடத்திய 'தேசபக்தன்' போன்ற பத்திரிகைகள் தொழிலாளரைச் சென்றடைய, அவற்றை வாசிக்கத் தெரிந்த ஒருவராவது லயத்தில் இருத்தல் வேண்டும். சிறுகல்வியாயினும் அது அத்தகையோரை உருவாக்கக்கூடியதாயிருந்தது.

ரத்தோட்டை, எல்கடுவை, கம்மடுவைப் பகுதிகளின் பழைய பள்ளிப் பதிவேடுகளும் முதியோரின் நினைவுகளும் அழியுமுன் தொகுக்கப்படல் வேண்டும். நமது கல்வி வரலாறு பெருங் கல்லூரிகளின் வரலாறாக மட்டும் எழுதப்படின், அது அரைவரலாறே ஆகும்.