கொளுத்தும் வெயிலில் பாறை ஏறும் விடுமுறை! நிழலும் கயிறும்தான் உயிர் காக்கும்

கோடை விடுமுறை என்றால் குளுகுளு ஊருக்குப் போவதுதான் வழக்கம். ஆனால், வெயில் சுட்டெரிக்கும் ஊராகப் பார்த்து, அதுவும் செங்குத்துப் பாறையில் ஏறுவதற்காகவே மூட்டை கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்!

அவர்கள் தேடிப் போகும் இடங்களில் ஒன்று, கிரீஸ் நாட்டைச் சேர்ந்த கலிம்னோஸ் தீவு. துருக்கி கரைக்குப் பக்கத்தில், ஏஜியன் கடலில் இருக்கிறது. சின்னத் தீவுதான். ஆனால் அங்குள்ள சுண்ணாம்புப் பாறைகளில் ஏறுவதற்கு 3 ஆயிரத்துக்கும் அதிகமான தடங்கள் உள்ளன.

ஏறுவதற்கு நல்ல பருவம் வசந்த காலமும், இலையுதிர் காலமும்தான். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 30 டிகிரி செல்சியசைத் தாண்டும். மழை என்ற பேச்சே கிடையாது. ஆனால் பள்ளிக்கூடத்துக்கும் ஆபீசுக்கும் லீவு கிடைப்பது என்னவோ அப்போதுதானே! ஆகவே துணிந்து புறப்படுகிறார்கள். முன்கூட்டியே கணக்குப் போடாமல் போனால், உல்லாசப் பயணம் உயிருக்கே உலை வைத்துவிடும்.

இது என்ன விளையாட்டு?

இதற்கு "ஸ்போர்ட் கிளைம்பிங்" என்று பெயர். பாறையில் துளை போட்டு, எஃகு போல்ட்டுகளை முன்பே பதித்து வைத்திருப்பார்கள். ஏறுகிறவர் இடுப்புப் பட்டையில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, கையாலும் காலாலும் பாறையைப் பற்றி ஏறுவார். ஒவ்வொரு போல்ட்டிலும் கொக்கி மாட்டி, அதில் கயிற்றைக் கோத்துக்கொள்வார். கீழே ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி நிற்பார். மேலே இருப்பவர் வழுக்கினால், கயிறு தாங்கிக்கொள்ளும்.

2021-ம் ஆண்டு டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் இது முதன்முதலாகப் பதக்கப் போட்டி ஆனது. அங்கே ஏறியது செயற்கைச் சுவரில். கலிம்னோசில் ஏறுவது அசல் பாறையில்!

பஞ்சு போச்சு, பாறை வந்தது

இந்தத் தீவின் பழைய பிழைப்பே வேறு. கடலின் அடியில் மூழ்கி, கடல் பஞ்சு எடுத்து விற்பதுதான் தொழில். ஆழத்தில் இருந்து அவசரமாக மேலே வந்ததால் கை கால் விளங்காமல் போனவர்களும், செத்துப் போனவர்களும் ஏராளம். 1986-ம் ஆண்டு மத்திய தரைக்கடலில் கடல் பஞ்சுகளை ஒரு நோய் தாக்கியது. ஏற்கனவே நலிந்திருந்த தொழில் மேலும் படுத்தது.

1996-ம் ஆண்டு ஆண்ட்ரியா டி பாரி என்ற இத்தாலிக்காரர் விடுமுறைக்கு வந்தார். மலையேறுபவரான அவர் கண்ணில் பாறைகள் பட்டன. திரும்பவும் வந்து தடம் போட்டார். விஷயம் பரவியது. பிறகென்ன? உலகம் முழுவதிலும் இருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். விடுதிக்காரர், ஓட்டல்காரர், ஸ்கூட்டரை வாடகைக்கு விடுகிறவர் எல்லோருக்கும் பிழைப்பு கிடைத்தது.

நிழல்தான் கடிகாரம்

வெயில் காலத்தில் வேர்வைதான் முதல் எதிரி. விரல் வேர்த்தால் பிடி நழுவும். அதற்காக இடுப்பில் ஒரு பையைக் கட்டி, மெக்னீசியம் கார்பனேட் பொடியைத் தொட்டுத் தொட்டு ஏறுவார்கள். நண்பகல் வெயிலில் பொடியும் தோற்றுவிடும். பாறையும் அடுப்புக் கல் மாதிரி சுடும்.

அப்படியானால் என்ன வழி? பாறை எந்தத் திசையைப் பார்க்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். மசூரி என்ற கிராமத்துக்கு மேலே உள்ள பிரபலமான பாறைகள் மேற்குப் பக்கம் பார்த்தவை. அங்கே காலையில் நிழல்; பிற்பகலில் நெருப்பு! கிழக்குப் பார்த்த பாறையில் இதற்கு நேர்மாறு.

ஜூலையில் அங்கே காலை 6 மணி வாக்கில் விடியும். விடியும்போதே பாறை அடியில் இருக்க வேண்டும். 11, 12 மணிக்குள் முடித்துவிட வேண்டும். பிற்பகலில் கடலில் நீந்தலாம், தூங்கலாம். ஏறக் கூடாது. கோடையில் வடக்கில் இருந்து "மெல்டெமி" என்ற பலத்த காற்று வீசும். அந்தக் காற்று படும் பாறை என்றால் இன்னும் சவுகரியம்.

போன அன்றைக்கே வீரத்தைக் காட்டக் கூடாது. வெயில் பழக உடம்புக்குச் சில நாட்கள் ஆகும். ஆகவே முதல் இரண்டு, மூன்று நாட்கள் சுலபமான தடங்கள் போதும். தண்ணீரை ஓட்டலில் இருந்தே சுமந்து போக வேண்டும். பாறை அடியில் பெட்டிக்கடை கிடையாது!

டாக்டரே பலி

இதெல்லாம் பயமுறுத்தல் அல்ல. 2024-ம் ஆண்டு ஜூன் 5-ந் தேதி, அதே தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த சிமி தீவில், மைக்கேல் மோஸ்லி என்ற இங்கிலாந்து டாக்டர் கடும் வெயிலில் தனியாக நடந்து போனார். டெலிவிஷனில் உடல்நல யோசனை சொல்லிப் பிரபலமானவர். வயது 67. 4 நாள் கழித்து அவருடைய உடல்தான் கிடைத்தது. சாவுக்குக் காரணம் திட்டவட்டமாகத் தெரியாவிட்டாலும், வெயில் தாக்கியிருக்கக்கூடும் என்று விசாரணை அதிகாரி சொன்னார்.

உடன் ஏறுகிறவரின் பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ உஷாராக வேண்டும். நிழலில் படுக்க வைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். 112-க்குப் போன் செய்ய வேண்டும். நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

கயிற்றின் நுனியில் எமன்

வெயிலுக்கு அடுத்த ஆபத்து, நீளம் போதாத கயிறு. தடம் 35 மீட்டர் உயரம், கயிறு 60 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது ஒன்றும் தெரியாது. உச்சி வளையத்தில் கயிற்றைப் போட்டுக் கீழே இறக்கும்போதுதான் விபரீதம். ஏற்றமும் இறக்கமும் சேர்த்து 70 மீட்டர் வேண்டுமே! ஆள் இன்னும் 10 மீட்டர் உயரத்தில் தொங்கும்போதே கயிறு தீர்ந்துவிடும். கீழே நிற்பவர் கையை விட்டு நுனி சர்ரென்று உருவிக்கொண்டு போகும். மேலே இருப்பவர் தரையில் விழுவார். அது 33 அடி உயரம்!

இதற்கு மருந்து காசு செலவில்லாதது. கயிற்றின் கீழ் நுனியில் ஒரு முடிச்சு. அவ்வளவுதான்! முடிச்சு இருந்தால் நுனி உருவாது. வெயிலில் களைத்து, "கீழே போனால் போதும்" என்று அவசரப்படும் நேரத்தில்தான் இந்த முடிச்சு மறந்துபோகும்.

புறப்படும் முன்

கலிம்னோசுக்கு நீண்ட தடங்கள் அதிகம் என்பதால், 80 மீட்டர் கயிறு எடுத்துப் போவது நல்லது. தலைக்கவசம் கட்டாயம். காஸ் தீவுக்கு விமானத்தில் போய், மஸ்திகாரி துறைமுகத்தில் படகு ஏறினால் கலிம்னோஸ் போய்ச் சேரலாம். பயண இன்சூரன்சு எடுக்கும்போது, பாறை ஏறுவதற்கும் பணம் தருவார்களா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பல பாலிசிகளில் அதற்கு இடம் இல்லை.

பாறை எங்கேயும் ஓடிவிடாது. காலையில் முடியாவிட்டால் நாளைக்குக் காலையில் ஏறலாம். நிழல் விலகியதும் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கிளம்புகிறவர்தான் விடுமுறை முடிந்து வீடு திரும்புவார்.